ஆறாவது இலை

யுத்த காலத்தில் பர்மா அரிசி வருவது நின்றது. அதற்குப் பதிலாகப் பர்மாவிலிருந்து மனுஷர்கள் வந்தார்கள். வலியசாலைத் தெருவில் அகதி வராத வீடே இல்லை. விடிவதற்குள் கிணறு கலங்கிவிடும், கொல்லைக் கக்கூசுக்கு வரிசை. யாரும் தொடக்கூடாதென்று கொடியில் மடிப்புடவை உலர்த்தினால் ஏதாவது ஒரு ரங்கூன் குழந்தை தொட்டுவிட்டு ஓடும். கஷ்டகாலமே, எத்தனை தடவைதான் நனைப்பது!

எங்கள் வீட்டுக்கு வந்தவள் என் ஓர்ப்படி, கணவரின் சித்தப்பா பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டவள். இரண்டு குழந்தைகளோடு காட்டு வழியாக நடந்தே வந்தாள். கூட்டத்தில் புருஷன் பிரிந்துவிட்டார், பின்னால் வருவார் என்றாள். பாவம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அவள் செய்த ஒரு காரியம் என் பிராணனை வாங்கியது.

புருஷன் சாப்பிட்ட இலையில் மனைவி சாப்பிடுவது எங்கள் வழக்கம். அதை விடமாட்டேன் என்று, வராத புருஷனுக்கும் ஆண்கள் பந்தியில் இலை போடுவாள். கூடத்தில் ஆறு இலைக்குத்தான் இடம், ஆறாவது அவருடையது. மரச்சீனிக் கிழங்கும் ஒரு கரண்டி சாதமும் பரிமாறிவிட்டு, மற்றவர்கள் எழும்வரை நின்று விசிறுவாள். என் குழந்தைகள் அடுத்த பந்திக்காகப் பசியில் அழும்.

"யாருக்குடி விசிறறே, ஈக்கா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவள் விசிறியைக் கை மாற்றிக்கொண்டாள்.

வருஷம் திரும்பியது. கடுதாசி இல்லை. எதிராத்து மாமி, சடங்குகள் செய்துவைக்கும் வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு சாப்பாட்டு வேளையில் வந்து நின்றாள்.

"கேட்டியோ, தர்ப்பையில பொம்மை பண்ணி தகனம் பண்ணிடலாம்னு வாத்தியார் பறையறார். அப்பறம் இவ தாலியைக் கழட்டி, தலையைச் சிரைச்சுடணும். பொட்டு வெச்சுண்டு எதிர்ல வரா, தெருவுக்கே ஆகாது."

அத்தனை நாள் எரிச்சலும் ஆள் மாறிப் பாய்ந்தது. "நன்னாருக்கு மாமி! அவர் இலையில உக்காந்திருக்கார். சாப்டுண்டிருக்கறவருக்குக் கொள்ளி வெக்கறதைப் பத்திப் பேசலாமோ?" என்று மோரை அந்த இலையில் ஊற்றினேன்.

"பைத்தியமாடி ஒனக்கும்?" என்று மாமி முகவாயில் கை வைத்தாள். வாத்தியாருக்குத்தான் சங்கடம். "போஜன வேளையில அசுபம் வேண்டாம்" என்று படியிறங்கிவிட்டார், மாமியும் பின்னாலேயே போனாள்.

அடுப்பங்கரையில் ஓர்ப்படி என் கையைப் பிடித்தாள். "மன்னி, அவர் வரமாட்டார். காட்டுலயே போயிட்டார். தழையை ஒடிச்சுப் போட்டு மூடிட்டு வந்தேன். கொழந்தைகள் தூங்கிண்டிருந்துதுகள், அதுகளுக்குத் தெரியாது."

"கடன்காரி, என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கப்படாதோ?"

"சொன்னா நீங்க தலைமுழுகணுமே, மன்னி. அப்பறம் எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே."

வாஸ்தவம். சாவுச் செய்தி காதில் விழுந்தால் பங்காளி வீட்டார் தலைமுழுகியாக வேண்டும். கிணற்றடிக்குப் போய்க் குடம் குடமாகத் தலையில் கொட்டிக்கொண்டேன்.

"இந்த வேளையில என்ன ஸ்நானம்?" என்றார் கணவர்.

"ரங்கூன் கொழந்தை மடிப்பொடவையைத் தொட்டுட்டுது" என்றேன்.

அன்று ராத்திரி ஆறாவது இலையை நானே போட்டேன்.