கோட்டை வாசலில் ஏழு கடிதம்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்று பிராண்டே என்கிற இந்த டெனிஷ் ஊரில் எந்தத் தொழிற்சாலைக்குள் போய், இங்கே தரை துடைக்கிற கொம்பனி யாருடையது என்று கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள். முப்பத்தெட்டுப் பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன, நித்திரையும் சரியில்லை, அது வேறு கதை. ஆனால் "எனக்கு ஏலாது" என்று யாரிடமும் போய் நின்றதில்லை. பத்து வயதிலும் நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டிய நாள் ஒன்று இருந்தது.

அப்போது நாங்கள் ஹோர்சன்ஸில், மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. ஊரில் கணக்கில் புலி என்று பெயர் எடுத்த சித்தப்பா, இங்கே இறைச்சித் தொழிற்சாலையின் குளிர் அறையில் பன்றித் தொடைகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். வேலையால் வந்ததும் கைகளைச் சுடுதண்ணீருக்குள் வைத்திருப்பார். விரல்கள் மடங்கத் தொடங்கியதும், பழைய தொலைக்காட்சியோடு பொருத்திய கொம்பியூட்டருக்கு முன்னால் போய்க் குந்திவிடுவார்.

அவர் ஒரு விளையாட்டுச் செய்துகொண்டிருந்தார். அதே குளிர் அறையில் வேலை செய்த யென்ஸ் என்ற டெனிஷ்காரர் அவருக்குக் கூட்டு. எழுத்தும் கணக்கும் சித்தப்பா, படங்கள் யென்ஸ். யென்ஸுக்குப் பூதம் மட்டும்தான் கீறத் தெரியும். அவர் கீறிய அரசர்களும் பூதங்களைப் போலத்தான் இருந்தார்கள்.

"பகலிலை பண்டி வெட்டுறான், பின்னேரத்திலை பூதம் வெட்டுறான்," என்பார் அப்பா.

விளையாட்டின் பெயர் "ஏழு கடிதம்". ஒரு வீரன் வாளோடு புறப்படுவான். காடுகளில் பூதங்கள், மலைகளில் நெருப்புக் கக்கும் பறவைநாகங்கள். ஆனால் வாளால் பெரிய பிரயோசனம் இல்லை. ஏழு பிரபுக்களிடம் ஏழு கடிதம் வாங்கிக் கோட்டை வாசல் காவலனிடம் கொடுத்தால்தான் கதவு திறக்கும். ஒரு பிரபு கடிதம் தருவதென்றால் இன்னொரு பிரபுவின் கடிதத்தைக் காட்டவேண்டும். அந்த இன்னொருவர் சாப்பிடப் போயிருப்பார். அகதி முகாமிலும் கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோரிலும் நாங்கள் நின்ற வரிசைகள் அத்தனையும் அதற்குள் இருந்தன. யென்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எங்களுக்கு விளங்குவதில்லை.

ஓர்ஹூஸில் இரண்டு பேர் நடத்திய சின்னக் கொம்பனி ஒன்று அதை நத்தார்ப் பண்டிகைக்கு விற்க ஒத்துக்கொண்டது. சனம் குறை சொல்லாமல் விளையாடினால் சித்தப்பாவுக்கு அங்கேயே வேலை தருவதாகவும் சொன்னார்கள். ஒரு மேசை, ஒரு கதிரை, காலடியில் வெப்பமூட்டி. பிறகு குளிர் அறைப் பக்கமே போகத் தேவையில்லை. வீட்டில் எல்லோரும் அந்த வேலையைப் பற்றியே கதைத்தோம். கொம்பனி கேட்டது ஒன்றுதான்: யாராவது ஒருவர் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் விளையாடிப் பார்த்து, முடித்தேன் என்று கையெழுத்து வைக்கவேண்டும்.

சித்தப்பாவும் யென்ஸும் துண்டு துண்டாகத்தான் பார்த்திருந்தார்கள். முழுக்க விளையாட அவர்களுக்கு ஏது நேரம்? எனக்கு இலையுதிர்கால விடுமுறை. முந்தி டெனிஷ் பிள்ளைகள் அந்தக் கிழமையில்தான் உருளைக்கிழங்கு கிண்டப் போவார்களாம். நான் பூதம் கொல்லப் போனேன்.

"பிள்ளை, ஒரு இடமும் பாயக்கூடாது," என்றார் சித்தப்பா. "முதல் அடியிலையிருந்து நடந்து போகவேணும். முடிவிலை ஒரு படம் இருக்கு. அது நான் கீறினது. யென்ஸுக்கும் காட்டேல்லை. நீதான் முதல் பாக்கப்போற ஆள்."

அந்தக் கிழமை முழுக்க நான் அந்தப் பெட்டியை விட்டு எழும்பவில்லை. "கண் அவிஞ்சு போனா உன்னை ஆர் கட்டுறது?" என்று அம்மா சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துவிட்டுப் போவா. வியாழக்கிழமை ஏழாவது கடிதம் கிடைத்தது. கோட்டை வாசலுக்கு ஓடினேன். காவலன் கடிதங்களை வாங்கிப் பார்த்தான். "ஒன்று குறைகிறது. நாளைக்கு வா," என்றான்.

எண்ணிப் பார்த்தேன். ஏழும் இருந்தன. சத்திரத்தில் வீரனைப் படுக்க வைத்து, விடிந்ததும் கூட்டிக்கொண்டு போனேன். "நாளைக்கு வா." பதினொரு தடவை படுக்க வைத்தேன். விளையாட்டில் பிழை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அம்மாவை ஒரு கந்தோரில் மாதக்கணக்காக நாளைக்கு வா, நாளைக்கு வா என்றே அனுப்பினார்கள். கடைசியில் கேட்ட கடதாசியைக் கொடுத்தார்கள்தானே? கதவென்றால் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பொழுதுபட்டபோது, பிழை என்னில்தான் என்று முடிவுக்கு வந்திருந்தேன். எங்கேயோ ஒரு பிரபுவுக்கு வணக்கம் சொல்லாமல் வந்திருப்பேன். கெட்டிக்காரர் என்றால் திறந்திருப்பார்கள்.

சனிக்கிழமை பிராண்டேயிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அம்மா றோல்ஸ் பொரித்தா. நான் வாய் திறக்கும் முன்னரே அப்பா தொடங்கிவிட்டார்.

"எங்கடை பிள்ளை ஒரு கிழமையிலை முழு விளையாட்டையும் முடிச்சிட்டாள்."

"பெடியங்களே முடிக்கமாட்டாங்கள். இந்தச் சுண்டெலியோ முடிச்சது?" என்றார் வந்திருந்த மாமா. அவருடைய பெடியன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சித்தப்பா தேநீரோடு என் பக்கம் திரும்பினார். "என்ன பிள்ளை, முடிச்சிட்டியே?"

"ஓம்."

"கதவு திறந்ததோ?"

"ஓம், திறந்தது."

"கடைசிப் படத்திலை என்ன கண்டனி?"

"அரசன் எழும்பி வந்து வீரனுக்கு முடி வைச்சவர். சனமெல்லாம் கை தட்டினது."

சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். கோப்பையை மேசையில் வைத்தார். "கை தட்டினதோ," என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "பாத்தியளோ அண்ணை, சுண்டெலி முடிச்சிட்டுது," என்றார். அந்தப் பெடியனின் சிரிப்பு நின்றது. நான் கொம்பனிக் கடிதத்தில் பெரிய எழுத்தில் கையெழுத்து வைத்தேன். திங்கட்கிழமை விளையாட்டைப் பதிந்த கொம்பியூட்டர் தட்டுகள் ஓர்ஹூஸுக்குப் போயின.

நத்தாருக்கு முன் விளையாட்டுப் பெட்டி வந்தது. மேலே யென்ஸின் பூதம். உள்ளே இருந்த சின்னப் புத்தகத்தில், விளையாடிப் பார்த்தவர் என்று என் பெயர். அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினேன், ஆசிரியைக்கு இரண்டு தடவை. தையில் கொம்பனிக்குக் கடிதங்கள் குவிந்தன. ஒருவருக்கும் கோட்டைக் கதவு திறக்கவில்லை. மாசியில் வேலை இல்லையென்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாளில் கொம்பனியையும் மூடினார்கள். சித்தப்பா கொம்பியூட்டரைத் துணியால் சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றினார்.

ஆனால் அந்த விளையாட்டுச் சாகவில்லை. பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் பிரதி எடுத்தார்கள். அவர்கள் வளர்ந்து, கதவு திறக்காததுதான் அதன் தத்துவம் என்று இணையத்தில் சண்டை பிடித்தார்கள். கேட்டவர்களுக்குச் சித்தப்பா, "ஓம், அது அப்பிடித்தான்," என்பார். அவர் காலமாகி இரண்டு வருடமாகிறது.

இந்த வருடம் மெலிந்த டெனிஷ் பெடியன் ஒருவன் என் கந்தோருக்கு வந்தான். யென்ஸின் சம்மதத்தோடு அதைக் கைத்தொலைபேசிக்குத் திரும்ப வெளியிடுகிறானாம். பிழையையும் கண்டுபிடித்துவிட்டான். தொடக்கத்திலிருந்து நடந்து வருகிறவனுக்கு, ஏழாவது கடிதம் கைக்கு வந்ததும் விளையாட்டு முதலாவது கடிதத்தை மறந்துவிடுகிறது. ஒரேயொரு எண் பிழை. சித்தப்பா சோதித்தபோது வாசலிலேயே வீரன் கையில் ஏழு கடிதத்தையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு ஒவ்வொரு முறையும் திறந்திருக்கிறது.

"அந்தக் காலத்தில் முடித்த ஒரே ஆள் நீங்கள்தான்," என்றான், புத்தகத்தில் என் பெயரைத் தொட்டு. "எப்படித் திறந்தீர்கள்?"

நான் எழும்பிப் போய்க் கோப்பி ஊற்றினேன். நல்லவேளை, அவன் மறுமொழிக்குக் காத்திருக்கவில்லை. கடைசிப் படத்தைக் காட்டினான். அரசன் இல்லை, சனமும் இல்லை. பெரிய சிம்மாசனத்தில் ஒரு சின்னப் பெட்டை. எனக்கு அப்போதிருந்த அதே இரண்டு பின்னல், முன்பல் ஒன்று இல்லை, கால் தரையில் முட்டவில்லை. கீழே டெனிஷில், "முதலில் வந்து சேர்ந்தவள்".

நான் முடிக்கவில்லை என்று அந்தச் சனிக்கிழமையே சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் வேலை செய்கிற ஒருவர் துடைத்து முடித்துவிட்டேன் என்று சொன்னால், நான் முகத்தைப் பார்ப்பேன், பிறகு போய்த் தரையையும் பார்ப்பேன். சித்தப்பா முகத்தோடு நின்றுவிட்டார். வாசல் மட்டும் வந்த பிள்ளை, புதிர் விளங்காமல் நாலு பேருக்கு முன்னால் வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருப்பார். தன் கதவில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஏலாமல் போய்விட்டது என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால், ஒரு மணித்தியாலத்தில் பிழையைப் பிடித்திருப்பார்.

வேலை இல்லையென்று தொலைபேசி வந்த பின்னேரம் நினைவுக்கு வருகிறது. சித்தப்பா ரிசீவரை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை முடிச்சவள்தானே? பிறகு என்னெண்டு?" என்று அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அவள் முடிச்சவள்தான் அண்ணை," என்றார் சித்தப்பா. "அனுப்பின தட்டு வழியிலை குளிருக்குப் பழுதாப் போயிருக்கும்."

நான் அதை நம்பினேன். அந்தக் கதவு திறக்காது என்று முன்னமே தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான் என்பது எனக்கு விளங்கவில்லை. விடிந்தால் அவர் திரும்பவும் அந்தக் குளிர் அறைக்குத்தான் போகவேண்டும், தோள் விழும்வரை போகவேண்டும் என்பதும் விளங்கவில்லை. தட்டுத்தான் பழுது, என்னில் பிழையில்லை என்ற ஆறுதலில் யன்னலைத் திறந்து, வெளியே கொட்டிக்கொண்டிருந்த பனியைப் பார்த்துச் "சனியன் பிடிச்ச குளிர்!" என்று அவருக்காகக் கத்தினேன். சித்தப்பா வந்து யன்னலைச் சாத்திவிட்டு, சுடுதண்ணீர் பிடிக்கப் போனார்.