வரப்பில் நின்ற போர்வைக்காரர்

எங்க வீட்டுக்காரருக்கு அப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. காமிக்ஸ் படிக்கிற வயசா அது? நான் கேட்காத நாளில்லை. திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் புதுப் புத்தகம் வந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், உரம் வாங்கப் போன மனுஷன் உரத்தை மறந்துவிட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்பார். சாப்பிடும்போது ஒரு கை சோற்றில், ஒரு கை புத்தகத்தில். குழம்பில் உப்பு போடாமல் வைத்துக்கூடப் பார்த்தேன். தெரியவே இல்லை அவருக்கு.

இது போதாதென்று அந்தக் காமிக்ஸ் கதையையே தொடராக எடுத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் போட ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் ராவுத்தர் வீட்டில் மட்டும்தான் கலர் டிவி. அந்த வீட்டு அக்காவின் புருஷன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. ஞாயிறு ஆனால் அங்கே கூடத்தில் உட்கார இடம் இருக்காது. பிள்ளைகள் முன்னால், மீசை வைத்த ஆம்பளைகள் பின்னால். நானும் அக்காவும் அடுப்படி வாசலில் நின்று இவர்களைப் பார்ப்போம். டிவியைவிட அதுதான் வேடிக்கை.

தொடர் முடிந்ததும் சண்டை ஆரம்பிக்கும். தொடரில் யார் வந்தார்கள் என்பது பேச்சில்லை, காமிக்ஸில் இருக்கிறவர்களில் யார் வரவில்லை என்பதுதான் பேச்சு. "தண்ணிக்குள்ள மூச்சு விடுற அக்கா தங்கச்சிய ஏன் விட்டுட்டானுங்க?" என்று டெய்லர் கேட்பார். சைக்கிள் கடைக்காரருக்கு ரெண்டு தலை டாக்டர் வரவேண்டும். எங்க வீட்டுக்காரருக்கு ஒரே ஆள்தான். போர்வைக்காரர்.

படிக்காத எனக்கே அவரைப் பற்றி எல்லாம் அத்துப்படி. ஏழடி உயரம். சிவப்புப் போர்வை. முகத்தை யாரும் பார்த்ததில்லை. பறக்கமாட்டார், குத்தமாட்டார், ஒரு வார்த்தை பேசமாட்டார். ஊருக்கு ஆபத்து என்றால் எல்லையில் வந்து ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான். அதைப் பார்த்தே கெட்டவனெல்லாம் ஓடிவிடுவான். "சும்மா நிக்கிறவன வெச்சு அவன் என்னத்த சீரியல் எடுப்பான்?" என்றேன் ஒருநாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கட்டின பெண்டாட்டியைவிட அந்தப் போர்வை பெரிசாகப் போய்விட்டது.

ஆனால் அந்த மார்கழியில் இதையெல்லாம் நினைத்துச் சிரிக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை. பயத்திலேயே விடிந்து பயத்திலேயே அடைந்த நாட்கள் அவை.

நாங்கள் சாகுபடி செய்த ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலம் மிராசுதாருடையது. குத்தகைக்குப் பதிவு கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. அவர் "போ" என்று சொன்னால் போகவேண்டியதுதான். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கட்சிக் கரைவேட்டி அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். யாரிடம் போய் முறையிடுவது? சட்டம் சொல்கிற உச்சவரம்புக்கு மேலே இருந்த நிலத்தையெல்லாம் பினாமி பேரில் வைத்திருக்கிறார், அதை உழைக்கிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று கூலியாட்களின் சங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வயலில் சிவப்புக் கொடியை நட்டுவிட்டால் இந்த நிலம் இனி எங்களுக்கு என்று அர்த்தம். நட்டது யார், எப்போது என்றெல்லாம் அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள். அடிதடிதான்.

பக்கத்து ஊரில் அப்படி ஒரு வயலில் நட்டார்கள். பொழுது சாய்வதற்குள் டிராக்டரில் ஆள் வந்து இறங்கியது. அடித்தவர்களை விட்டுவிட்டு அடிபட்டவர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அதோடு விட்டார்களா? அந்த வயலைக் குத்தகைக்கு வைத்திருந்தவரை, கொடியை நட நீ எப்படி விட்டாய் என்று கேட்டு, கதிர் முற்றி நிற்கும்போதே வெளியே தள்ளினார்கள். அவர் கையும் முறிந்துபோயிருந்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கொல்லைப்பக்கம் போய் எங்கள் வயல் பக்கம் எட்டிப் பார்ப்பேன். பச்சையும் மஞ்சளும் தவிர வேறு நிறம் தெரியாவிட்டால்தான் மூச்சு வரும்.

கதிர் முற்றியதும் குருவிக்கூட்டம் வந்து இறங்கியது. விரட்டி மாளவில்லை. ஒரு சனிக்கிழமை நான் அம்மா வீட்டுப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போய் இருட்டித்தான் திரும்பினேன். அலுப்பில் படுத்துவிட்டேன். "குருவிக்கு ஒரு பொம்மை கட்டிட்டேன்" என்று அவர் சொன்னது அரைத்தூக்கத்தில் காதில் விழுந்தது. சரி, ஒரு நாளாவது உருப்படியான வேலை செய்தாரே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. எல்லாரும் டிவி முன்னால். பாதித் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது டெய்லர் வெளியிலிருந்து வந்தார். முகத்தில் ரத்தமில்லை. "ஏம்ப்பா, உன் வயல்ல கொடி நட்டுட்டாங்களாமே! மிராசுதார் வீட்டுக்குத் தகவல் போயிடுச்சு" என்றார்.

எங்க வீட்டுக்காரர் எழுந்த வேகத்தில் வேட்டி அவிழ்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. ராவுத்தர் வீட்டு அக்கா, "நீ போகாதடி, ஆம்பளைங்க பாத்துக்கட்டும்" என்று கையைப் பிடித்தார். உதறிவிட்டு இவர் பின்னாலேயே ஓடினேன்.

வாய்க்கால் மதகுக்கு வந்ததும் தெரிந்தது. நடு வரப்பில் உயரமான மூங்கில், அதில் சிவப்பாக ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இவர் சட்டென்று நின்றுவிட்டார். "அய்யய்யோ" என்றார் மெதுவாக. "அது நான் கட்டுனதுடி."

போர்வைக்காரர்! டிவியில்தான் வரவில்லை, நம் வயலிலாவது வரட்டும் என்று ஏழடிக்கு மூங்கில் வெட்டி, வைக்கோல் அடைத்து, எங்க அம்மா வீட்டில் கொடுத்த சிவப்புப் போர்வையை எனக்குத் தெரியாமல் எடுத்துக் கட்டியிருக்கிறார். ராத்திரி அடித்த வாடைக்காற்றில் தலையும் கையும் வைக்கோலோடு உதிர்ந்து வரப்பில் கிடந்தன. மிச்சம் நின்றது கம்பும் சிவப்புத் துணியும்தான். இந்தத் தாலுகாவில் அதைப் பார்த்துப் பொம்மை என்று எவன் சொல்வான்?

"பாவி மனுஷா, போய்ப் பிடுங்கித் தொலை" என்றேன். அதற்குள் காலம் கடந்துவிட்டது. தெற்கிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சேரியிலிருந்து கூலியாட்கள், ஆணும் பெண்ணுமாக. எங்கள் நடவுக்கு ஆள் கூட்டிவருகிற பெண்தான் முன்னால் வந்தாள். யார் நட்டது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. சங்கத்து ஆள் யாரோ நட்டிருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்து கம்பைச் சுற்றி நின்றுவிட்டார்கள். இவர்கள் கண்ணெதிரே பிடுங்கினால் இவர்களுக்குத் துரோகி. பிடுங்காவிட்டால் மிராசுதாருக்குத் துரோகி. எங்க வீட்டுக்காரர் ரெண்டுக்கும் நடுவில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்.

ரோட்டில் டிராக்டர் சத்தம் கேட்டது. பின்னாலேயே போலீஸ் ஜீப். மிராசுதாரின் காரியஸ்தர் பத்துப் பதினைந்து ஆட்களோடு இறங்கினார். எல்லார் கையிலும் தடி. எஸ்.ஐ. ஒரு ஏட்டையாவோடு வரப்பில் நடந்து வந்தார். தடிகளைப் பார்த்ததும் பக்கத்து ஊர்க்காரரின் முறிந்த கைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மாரியாத்தா, உயிரோடு மட்டும் விட்டுவிடச் சொல்லு, நிலம் போனால் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

எஸ்.ஐ. எங்க வீட்டுக்காரரிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யோவ், நீதான சாகுபடிதாரன்? இவனுங்க நட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ பாட்டுக்கு வீட்டுக்குப் போ. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

சொல்லிவிட்டால் தீர்ந்தது. எங்க வீட்டுக்காரர் எதிரே நின்றவர்களைப் பார்த்தார். அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அவங்க இல்ல சார். நான்தான் நட்டேன்" என்றார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. காரியஸ்தர் பாய்ந்து வந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "என்னடா சொன்ன? யார் வீட்டு நெல்லத் தின்னுட்டு யாருக்குடா கொடி புடிக்கிற?" கன்னத்தில் ஓங்கி ஒன்று விழுந்தது. நான் அலறிக்கொண்டு நடுவில் போனேன். யாரோ என்னைத் தள்ளினார்கள், வயலுக்குள் விழுந்தேன். சேற்றிலிருந்து எழுந்திருப்பதற்குள் தடிக்காரர்கள் வளைத்துவிட்டார்கள். இன்றோடு என் தாலி போயிற்று என்றே நினைத்தேன்.

"எந்தக் கட்சிடா நீ?" என்றார் எஸ்.ஐ.

"கட்சி இல்ல சார்... குருவிக்குக் கட்டுன பொம்மை சார். போர்வைக்காரர். காமிக்ஸ்ல வருவாரு."

"யார்கிட்டடா கதை விடுற?" லத்தி மேலே போனது.

அப்போதுதான் ஏட்டையா தொண்டையைச் செருமினார். ஐம்பது வயதிருக்கும், தொப்பை வைத்த ஆள். "ஐயா, அப்படி ஒருத்தரு இருக்காருங்கய்யா" என்றார். "சிவப்புப் போர்வை போத்திக்கிட்டு எல்லையில நிப்பாரு. டிவில இன்னும் காட்டல. நானும் வாராவாரம் பாக்கறேன், வரமாட்டேங்கறாரு." சொல்லிவிட்டுக் கீழே கிடந்த வைக்கோல் தலையைக் காலால் புரட்டிக் காட்டினார். கரியால் போட்ட ரெண்டு கண் இருந்தது.

எஸ்.ஐ. அந்தத் தலையைப் பார்த்தார், ஏட்டையாவைப் பார்த்தார், குபீரென்று சிரித்துவிட்டார். "ஏன்யா, டூட்டி பாக்குறியா, பொம்மைப் படம் பாக்குறியா?" தடி வைத்திருந்தவர்களும் சிரித்தார்கள். காரியஸ்தர் சட்டையை விட்டுவிட்டார். "சீ, பொம்மை வெச்சு வெளையாடுற பய. இவனாவது, கொடி நடுறதாவது! நீயே பிடுங்கிப் போடுடா. அறுத்து முடிச்சுட்டு ஒழுங்கா நெல்ல கொண்டாந்து அள" என்றார். நிலம் தப்பித்தது. ஆளும் தப்பித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்தத் தொப்பை ஏட்டையா காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது.

எங்க வீட்டுக்காரர் கம்பைப் பிடுங்கினார். கை நடுங்கியதில் மூன்று தரம் இழுக்கவேண்டியிருந்தது. ஜீப்பும் டிராக்டரும் கிளம்பிப் போயின. கூலியாட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அந்தப் பெண் மட்டும் நின்றாள். இவர் போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதம்மா" என்றார்.

"பரவால்லண்ணே" என்றாள். "நான்தான் நட்டேன்னு சொன்னீங்களா, எங்களுக்காக ஒருத்தர் நட்டுட்டாருன்னு நெனச்சிட்டோம்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. சொல்லிவிட்டு மடித்துச் செருகியிருந்த புடவையை இறக்கிவிடப் போனாள். அப்போதுதான் பார்த்தேன், அவளுக்கும் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. தடி வரும் என்று தெரிந்தேதான் அத்தனை பேரும் வந்து நின்றிருக்கிறார்கள்.