பன்னிரண்டு டிக்

தெருவில் அவளுக்கு டார்ச்சக்கா என்று பெயர். முப்பத்தோரு வருஷமாக ஒரே பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள். கல்யாண மண்டபமோ, பேருந்து நிறுத்தமோ, யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தால் போதும், கைப்பையிலிருந்து சின்ன டார்ச் வெளியே வந்துவிடும். ஆவென்று திறக்கச் சொல்லி, உள்ளே வெளிச்சம் அடித்து, கீழ் வரிசையில் கடைசிக்கு முந்தின பல் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவாள். சும்மா சொல்லக்கூடாது, பத்துக்கு ஒன்பது சரியாகத்தான் இருக்கும். மிச்சமிருந்த அந்த ஒன்றில் அவள் வீட்டுக்காரரே மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்காரர் பெயிண்டர். அறுபத்தொரு வயது, ஒட்டி உலர்ந்த உடம்பு, ஏணியில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். குண்டாக இருப்பவர்களுக்குத்தான் மாரடைப்பு வரும் என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரு நினைப்பு. யார் அப்படி எழுதிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. நாற்பது வருஷமாக ஒரு நாளைக்கு எட்டு சிகரெட். ரத்த அழுத்தம் கடைசியாகப் பார்த்தது மகள் பிறந்த வருஷம். மகளுக்கு இப்போது முப்பது வயது, வேறு ஊரில் குடித்தனம்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், கை கழுவிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"ஏணியில நாலு படி ஏறினா தாடை வலிக்குது. இறங்கி நின்னா போயிடுது."

"ஏணிக்கும் பல்லுக்கும் என்னங்க சம்பந்தம்? வாயைத் திறங்க" என்றாள் அவள்.

டார்ச் அடித்துப் பார்த்தாள். வலது பக்கம் கீழே, கடைவாய்ப் பல்லில் பட்டாணி அளவுக்கு ஓட்டை. ஓட்டை இருந்தது நிஜம், அதில் அவள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது என்று மனுஷன் தன் வாயால் சொல்லிவிட்டாரே, எந்தப் பல் வலி ஐயா ஏணியைப் பார்த்து வரும்? வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் என்னவோ ஏதோ என்று ஒரு டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். பல்லையே பார்த்துப் பழகின கண்ணுக்குப் பல்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். இங்கே அந்தத் தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல் பிடுங்குவதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு தாள் உண்டு. பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம், ஆம் ஒன்று, இல்லை ஒன்று. ஒன்பதாவது கேள்வி இது: மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சு, தாடை, கழுத்து, கை, முதுகு ஆகிய இடங்களில் வலி அல்லது இறுக்கம் வருகிறதா? டாக்டர் வாலிபத்தில் எங்கோ ஒரு வகுப்புக்குப் போய் வந்து, மெனக்கெட்டு எழுதிச் சேர்த்த கேள்வி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பன்னிரண்டையும் ஒன்றுவிடாமல் கேட்டவள்தான். ஆனால் கன்னம் வீங்கி, துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருகிறவர்களிடம் முதுகு வலிக்குமா, மூச்சு வாங்குமா என்று கேட்டால் முறைக்கிறார்கள். வெளியே பெஞ்சு நிறைய ஆள். உள்ளேயிருந்து டாக்டர் மணி அடிக்கிறார். கேள்விகள் குறைந்துகொண்டே வந்து கடைசியில் இரண்டு மிஞ்சின: சர்க்கரை இருக்கிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? மற்றதற்கெல்லாம் இல்லை, இல்லை, இல்லை என்று அவள் கை தானாக மேலிருந்து கீழே டிக் போட்டுக்கொண்டு இறங்கிவிடும். கீழே வந்ததும், "இங்க ஒரு கையெழுத்து போடுங்க." அவ்வளவுதான்.

வீட்டுக்காரரிடம் அந்த இரண்டையும்கூடக் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகத் தன்னோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? பன்னிரண்டு டிக். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். டாக்டர் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். மரத்துப்போக ஊசி, ஏழு நிமிஷத்தில் பல் வெளியே. மூன்று நாளைக்கு வலி இருக்கும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எல்லாரிடமும் சொல்கிறதுதான்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி வாக்கில் கடைக்குப் போய்விட்டு இரண்டாவது மாடிக்கு ஏறி வந்தவர், செருப்பைக் கழற்றாமல் வாசலருகில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். தாடை வலிக்கிறது என்றார். மூன்றாம் நாள்தானே, இருக்கும் என்று வலி மாத்திரை ஒன்று கொடுத்தாள். துணியில் பனிக்கட்டி சுற்றிக் கொடுத்தாள். வேண்டாம் என்று தள்ளினார். வயிற்றைப் பிரட்டுகிறது என்றார். வெறும் வயிற்றில் டீயைக் குடித்துவிட்டு மாத்திரையும் போட்டால் பிரட்டாமல் என்ன செய்யும் என்று அவரையே கடிந்துகொண்டு போய்த் துணி அலசினாள். அலசி முடித்து வந்து பார்த்தால் இருந்த இடத்திலேயே இருக்கிறார். கால் மணி நேரம் ஆகியிருந்தது. எந்த ஏணியும் ஏறாமல், உட்கார்ந்த இடத்தில், வலி போகவில்லை.

"எந்த இடத்துலங்க வலிக்குது?"

அவர் இரண்டு கைகளையும் தூக்கி இரண்டு கன்னத்திலும் வைத்துக்கொண்டார்.

பல் வலி ஒரு பக்கத்தோடு நிற்கும், நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகாது என்று டாக்டர் ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவர் சட்டையின் முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இது பல் இல்லை. பல்லாக இருந்ததே இல்லை.

போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். எதிர் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கூட்டிப் போய்விடலாம் என்று நின்றார். புருஷனை ஒரு படிகூட நடக்க விடமாட்டேன் என்று வாசலை மறித்து நின்றுகொண்டாள். வந்தவர்கள் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். அந்த ஒன்றை அவள் சரியாகச் செய்தாள் என்று பிறகு எல்லோருமே சொன்னார்கள்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் ஒன்று முழுசாக அடைத்திருந்தது. கம்பி வலை வைத்துத் திறந்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் தசையில் ஒரு பகுதி போனது போனதுதான், இனி ஏணி வேலை கூடாது என்றார் இதய டாக்டர். பல் எடுத்த கதையைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏறும்போது வலி வருகிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லையா?

"கேட்டாங்க சார். இவர்தான் இல்லைன்னு சொல்லிட்டாரு."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால் திருப்பி எடுத்திருக்கலாம்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று இதய டாக்டர் அவரை உட்கார வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். கேட்டபோது மறைத்தது தப்பு, அன்றைக்கே சொல்லியிருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது. அவர் குழம்பிப்போய்ப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் மாத்திரைப் பைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா சொன்னேன்? சொல்லியிருப்பேன் போல. ஊசின்னா எனக்கு பயம் இல்லையா" என்றார். அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "உன்னையும் சேத்து அலைக்கழிச்சிட்டேன்" என்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கமும் வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. காலை மாத்திரை நான்கு, ராத்திரி மாத்திரை இரண்டு என்று மனசு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னது.

பிறகு நாட்கள் ஒன்றுபோல இருந்தன. எழுந்தாள், உப்பைக் குறைத்துச் சமைத்தாள், ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிப் போட்டாள், அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்து எழுதினாள், கிளினிக்குக்குப் போனாள், வந்தாள். மகள் போனில் அழுதபோது எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று செய்தி வாசிப்பதுபோலச் சொன்னாள். கிளினிக்கில் பல் பிடுங்க வருகிறவர்களிடமெல்லாம் அந்த மாதம் முழுக்க டாக்டரே தாளை வாங்கிக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் முகமும் சரியில்லை. அவள் கருவிகளைக் கழுவினாள்.

மனுஷர் என்னவோ தேறிவிட்டார். சிகரெட்டை விட்டார். காலையில் பூங்காவைச் சுற்றி நடை, பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து அரை மணிக்கு வந்தாயிற்று. அங்கேதான் பிரச்சினை. நடக்க வருகிறவர்களில் அவர் நிறுத்தாத ஆள் கிடையாது. ஏறினால் வந்து நின்றால் போகிற வலி எந்த இடத்தில் இருந்தாலும் டாக்டரிடம் போங்கள், நெஞ்சில்தான் வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை, தாடையில் வரும், முதுகில் வரும், சில பேருக்கு வெறும் அசதியாக வரும், சில்லென்று வேர்த்தால் நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள் என்று வகுப்பே எடுப்பார். எல்லாம் சரியான பேச்சுதான். கடைசியில் ஒன்று சொல்வார்.

"என்னை மாதிரி மறைச்சிடாதீங்க. என்னைக் கேட்டாங்க, நான்தான் இல்லைன்னுட்டேன்."

தினமும் இரண்டு பேரிடமாவது சொல்வார். அவள் பக்கத்தில் நிற்பாள். அவள் தப்பை ஊரறியத் தன் தலையில் போட்டுக்கொண்டு அந்த மனுஷன் சிரிக்கிறார், அவளுக்கு வாய் திறக்கவில்லை. ஐந்து வாரம் இப்படிப் போனது.

ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் அதே கதையைச் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள்.

"உங்களை யாரும் கேக்கலைங்க" என்றாள்.

அவர் திரும்பினார்.

"நானேதான் டிக் போட்டேன். உங்ககிட்ட கேக்கவே இல்ல. அந்த டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. எழுந்து தனியாகப் போய்விடுவார் என்றும் நினைத்தாள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். முகம் கறுத்துப்போயிருந்தது. பேசியபோது குரல் தாழ்ந்துதான் வந்தது.

"எனக்கு மட்டுமா, வேற யாருக்காவது இப்படிப் போட்டிருக்கியா?"

இது அவள் யோசித்தே பார்க்காதது. இத்தனை நாளும் இவர் உயிர், இவர் இதயம், இவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதிலேயே உழன்றுகொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும்" என்றாள்.

அவர் எழுந்தார். கிளினிக் சாவி இருக்கிறதா என்று கேட்டார். மெதுவாகப் போகலாம் என்று அவள் சொன்னதைக் காதில் வாங்காமல் முன்னால் நடந்தார்.

கிளினிக்கின் இரும்பு அலமாரியில் தாள்கள் வருஷவாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவர் போன வருஷத்துக் கட்டைப் பிரித்து, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்து மேஜையில் வைத்தார். அவர் எண்ணைப் படிக்க அவள் போனில் அழுத்தினாள். வணக்கம் சொல்லி, பல் கிளினிக்கிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, ஒன்பதாவது கேள்வியை முழுசாகப் படித்தாள். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது ஆள், அப்படி ஒன்றும் இல்லையே என்றார். மூன்றாவது ஒரு அம்மாள், வேகமாக நடந்தால் கை கடுக்கிறது, வயசாகிறதல்லவா என்றாள். இன்றைக்கே இதய டாக்டரிடம் போங்கள் என்று டார்ச்சக்கா இரண்டு தடவை சொன்னாள். அவர் அந்தத் தாளின் மூலையை மடித்து வைத்தார்.

நான்காவது எண், ஐம்பத்தெட்டு வயது ஆண். ஒரு பெண் எடுத்தாள்.

"அவர் இல்லைம்மா. எட்டு மாசம் ஆச்சு" என்றாள்.

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அவள் துண்டிக்கப் போனாள். புருஷன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எப்படின்னு கேளு" என்றார்.

கேட்டாள்.

"மாடி ஏறி வந்தாரு, தாடையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தாரு. பல்லு எடுத்த இடம்தான் வலிக்குதுன்னு நெனச்சுப் படுக்க வச்சோம்" என்றாள் அந்தப் பெண். பிறகு, "எதுக்கும்மா இப்ப கேக்கறீங்க?" என்றாள்.

தாள் அவள் முன்னால் கிடந்தது. மேலிருந்து கீழே பன்னிரண்டு டிக், எல்லாம் ஒரே சாய்வு. பதிவேட்டுக்காகக் கேட்டேன் என்று சொன்னால் முடிந்தது. அந்தப் பெண் நன்றிகூடச் சொல்லியிருப்பாள். டார்ச்சக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது, ஐந்து வாரமாக வராதது.

"உங்க வீட்டுக்காரரைக் கேக்காம 'இல்லை'ன்னு டிக் போட்டது நான்தாம்மா" என்றாள்.