ரெண்டு பக்கமும் ஓடிய புரோகிராம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் மாடியில்தான் எங்கள் ஆபீஸ். ரகசியமாகப் பூட்டிய தகவலைத் திறந்து பார்க்காமலேயே கணக்குப் போடும் ப்ராசஸருக்கு, நாம் எழுதும் புரோகிராமை அதற்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரை நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு புரட்டாசியில் அதைச் சோதித்துப் பார்க்க, மதியச் சாப்பாட்டுக்கு ரகசிய ஓட்டு வைத்தோம். பிரியாணிக்கு அதிக ஓட்டு விழுந்தால் பிரியாணி, இல்லையென்றால் தயிர்சாதம். ஆர்டரையும் புரோகிராமே அனுப்பிவிடும்.

மதியம் எல்லோருக்கும் பிரியாணியும் வந்தது, தயிர்சாதமும் வந்தது.

விரதத்தில் இருந்த மேனேஜர், "இன்னாம்மா இது?" என்றார்.

புரோகிராமை எழுதிய பேரணாம்பட்டுத் தோழி முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டாள். "ஓட்டு பூட்டியே இருக்கு, மிஷினுக்கு எது ஜெயிச்சதுன்னு தெரியாது சார். அதனால ரெண்டு பக்க வேலையையும் செஞ்சிட்டு, கடைசியில ஒரு விடைய மட்டும் வெச்சிக்கும். வெறும் நம்பர்னா வேணாததை விட்டுடலாம். ஆர்டர் போய்ட்டா போனதுதான்."

இப்படி ஆகும் என்று கம்பைலர் காட்டிய எச்சரிக்கையை அவள் காலையில் அணைத்ததை நான் பார்த்திருந்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் நல்ல பசி.

மேனேஜர் தயிர்சாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சாப்பாட்ட வீணாக்கக் கூடாது" என்று சொல்லி, பிரியாணிப் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அதற்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய் எங்கே என்று கேட்டார்.