கோல்கீப்பரை ஆரும் பார்க்காத ஒரு செக்கன்

எழுபத்தெட்டாவது நிமிசம். ஒஸ்லோ அணிக்கு என்ர பக்கத்துக் கோர்னர். நான் மூலைக் கம்பத்துக்குப் பின்னால கொடியோட நிக்கிறன். பந்து வளைஞ்சு உள்ளுக்கு வருகுது. வடக்கிலயிருந்து வந்த அணியின்ர கோல்கீப்பர் எழும்பவே இல்லை. பந்து ஒருத்தன்ர நெற்றியில பட்டு வலைக்குள்ள போயிட்டுது. கோல்கீப்பர் நேரா என்னட்டை ஓடி வந்தான்.

"என்ர கையைப் பிடிச்சு வச்சிருந்தவன். நீ முன்னாலதானே நிண்டனி, காணேல்லையோ?"

நான் காணேல்லை. அதுதான் உண்மை. வீடியோ அறையில மூண்டு நிமிசம் பார்த்தவை. கை பட்டிருக்கு, ஆனால் தெளிவான பிழை எண்டு சொல்ல ஏலாது, கோல் கோல்தான் எண்டு ஹெட்செட்டில சொல்லிச்சினம். ரெண்டுக்கு ஒண்டு எண்டு மட்ச் முடிஞ்சுது. வடக்கு அணிக்கு மேல் பிரிவில நிக்கிறதுக்கு மிச்சம் ஒரே ஒரு மட்ச்.

நான் ஆர் எண்டு சொல்லவேணும். பேர் அன்ரன். பகலில லில்லெஸ்ட்ரோமில ஒரு பஸ் கராஜில பிரேக் பார்க்கிற வேலை. சனி ஞாயிறில லைன்ஸ்மனா, கோட்டுக்கரையில கொடி பிடிக்கிற உதவி நடுவரா, ஓடினனான். இஞ்சை மேல் பிரிவில ஓடுற நடுவர்மாருக்கும் அனேகமா வேற வேலை ஒண்டு இருக்கும். இப்ப ரெண்டு வருசமாக் கொடி பிடிக்கிறேல்லை. நடுவர் கோர்ஸ் எடுக்கிற எங்கட பிள்ளையள் சிலர், அந்த மட்சில என்னதான் நடந்தது எண்டு கேட்டவை. நான் நல்லவனாத் தெரியிற கதை இல்லை இது. அதுக்காகவே எழுதுறன்.

எங்கட நாலு பேரின்ர திட்டம்

கோர்னர் எண்டால் கோலுக்கு முன்னால பதினைஞ்சு பேர் ஒருத்தரை ஒருத்தர் இழுத்துக்கொண்டு நிப்பாங்கள். பார்க்கிறதுக்கு நாலே நாலு கண். நடுவரின்ர ரெண்டு, லைன்ஸ்மன்ர ரெண்டு. ஆர் எதைப் பார்க்கிறது எண்டு மட்ச் தொடங்க முதலே பிரிச்சு வச்சிடுவம்.

எங்கட குழுவில நடுவர் ஹோக்கன். லைன்ஸ்மன்மார் எகிலும் நானும். நாலாவது ஆள் கரையில நிண்டு மாற்று ஆட்டக்காரரைக் கவனிக்கிறவர். நாங்கள் பிரிச்ச விதம் இதுதான்: லைன்ஸ்மன் நிக்கிற பக்கத்திலயிருந்து கோர்னர் அடிச்சால், பந்து வளைஞ்சு கோட்டுக்கு வெளிய போகுதோ எண்டு அவர் முதல் பந்தைப் பார்ப்பார். அந்த நேரம் ஹோக்கன் பெனால்டிப் புள்ளியடியில ஓடி வாறவங்களைப் பார்ப்பான். அதுக்குப் பிறகுதான் ரெண்டு பேரும் கோல்கீப்பரிட்டைத் திரும்புவம். அதுக்குள்ள ஒரு செக்கன், கோல்கீப்பரை ஆருமே பார்க்கிறேல்லை. மற்றப் பக்கத்துக் கோர்னருக்கு இந்த ஓட்டை இல்லை.

ஓட்டை இருக்கெண்டு எங்களுக்குத் தெரியும். எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கத்தான் செய்யும். ஆருக்கும் தெரியாத வரைக்கும் பிரச்சினை இல்லை எண்டு விட்டிட்டம்.

அண்டைக்கு முதல் பாதியில ஒஸ்லோ அணி எகில் நிண்ட பக்கம் அடிச்சது. அவன்ர பக்கத்துக் கோர்னர் ஒவ்வொண்டையும் கோல்கீப்பரின்ர தலைக்கு மேல வளைச்சு அடிச்சாங்கள். மற்றப் பக்கத்துக் கோர்னர் எல்லாம் சின்னப் பாஸ். முதல் கோலும் எகிலின்ர பக்கத்தாலதான் வந்தது. ரெண்டாம் பாதியில பக்கம் மாறி என்னட்டை வந்தாங்கள். அதே மாதிரி. என்ர பக்கமெண்டால் வளைச்சு அடி, மற்றப் பக்கமெண்டால் சின்னப் பாஸ். பிறகு வீடியோவில பார்க்கத்தான் தெரிஞ்சுது: ஒரு தடியன் கோல்கீப்பருக்கு முன்னால சும்மா நிக்கிறான், பந்தை உதைக்கிற அந்தக் கணத்தில மட்டும் அவன்ர கையைப் பிடிக்கிறான், உடனே விடுறான்.

மட்ச் முடிஞ்சு தோற்ற அணியின்ர பயிற்சியாளர் டிவிக்குச் சொன்னார்: "நடுவர்மார் எந்த நேரம் எங்கை பார்க்கினம் எண்டு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

எல்லாரும் அதைத் தோத்தவன்ர புலம்பல் எண்டு சிரிச்சினம். எனக்குத்தான் தெரியும், மனுசன் சொன்னது சரி. அப்ப ஆர் சொன்னது?

லில்லெஸ்ட்ரோம் கோப்பிக் கடை

பக்கத்து வீட்டுக் கதவு ஒரு நாள் பிந்தித் திறந்தால் "என்னவாம்?" எண்டு கேக்கிற சனத்தில பிறந்தவன் நான். குரோருட்டில எங்கட மாடிக் கட்டிடத்தில ஆர் எப்ப வீட்டை வந்தது எண்டு என்ர மனுசி கேட்டால் மணியோட சொல்லுவன். தற்செயல் எண்ட சொல்லு எனக்குப் பிடிக்காது.

உடுப்பு மாத்திற அறையில நாலு பேரும் இருந்தம். நான் ஒவ்வொருத்தன்ர முகமாப் பார்த்தன். ஹோக்கன் சப்பாத்துக் கயிறை அவிழ்க்கேலாமல் கோபத்தில இழுத்துக்கொண்டிருந்தான். களவு செய்தவன் அப்பிடி இருக்கமாட்டான் எண்டு அவனை விட்டன். நாலாவது ஆள் போன மாசம்தான் குழுவுக்கு வந்தவர், கோர்னர்த் திட்டம் அவருக்குச் சரியாத் தெரியாது. எகில் முழங்காலைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பத்தான் வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. வேலை முடிஞ்சு லில்லெஸ்ட்ரோம் ஸ்டேசனுக்கு நடந்து வரேக்க, ஒரு கோப்பிக் கடைக்குள்ள எகிலைக் கண்டனான். அவனுக்கு முன்னால இருந்தது ஒஸ்லோ அணியின்ர உதவிப் பயிற்சியாளர். கோர்னர், ஃப்ரீ கிக் எல்லாம் திட்டம் போடுறது அந்த ஆள்தான். ரெண்டு பேரும் சிரிச்சுக்கொண்டிருந்தவை. எகிலின்ர வீடு ஒஸ்லோவுக்கு மேற்கில. அவனுக்கு லில்லெஸ்ட்ரோமில என்ன அலுவல்? அண்டைக்கு நான் கண்ணாடியில தட்டிக் கை காட்டாமல் வந்திட்டன். ஏன் தட்டேல்லை எண்டு இப்பவும் எனக்குத் தெரியாது.

எகிலோட ஒன்பது வருசம் ஓடினனான். தொடக்க காலத்தில ஒரு மைதானத்தில என்னைப் பார்த்து ஒருத்தன் கேவலமாக் கத்தினவன். எகில் மட்சை நிப்பாட்டச் சொல்லி, அந்த ஆளை வெளிய அனுப்பின பிறகுதான் ஓடினவன். அந்த வருசத்தோட அவன் கொடியை வைக்கிறான். கடைசிச் சுற்றில வேற குழுவோட ஓடுற வடக்கு அணி மட்ச்தான் அவன்ர கடைசி மட்ச். மகள் பேர்கனிலயிருந்து பார்க்க வாறாள் எண்டு மூண்டு மாசமாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவன். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்ர மண்டைக்குள்ள ஒரே குடைச்சல்: கடைசி வருசம், இனி இழக்க ஒண்டும் இல்லை, அதுதான் வித்திட்டான்.

மாரித் ஒவ்வொருத்தராக் கூப்பிட்டா

ஆரை எந்த மட்சுக்குப் போடுறது எண்டு முடிவெடுக்கிறவ மாரித். திங்கட்கிழமை எங்களைத் தனித்தனியாக் கூப்பிட்டுக் கதைச்சா. கோர்னர் எல்லாத்தையும் திரையில போட்டுக் காட்டினா.

"அன்ரன், இது தற்செயலா இருக்குமோ?"

"இல்லை."

"அப்ப ஆராவது சொல்லியிருக்க வேணும். உனக்கு ஆர்ல சந்தேகம்?"

பேர் சொல்லேல்லை நான். அதில ஒரு பெருமை வேற எனக்கு. "வியாழக்கிழமை லில்லெஸ்ட்ரோமில ஆர் ஆரோட கோப்பி குடிச்சது எண்டு கேட்டுப் பாருங்கோ" எண்டு மட்டும் சொன்னன். கடைப் பேரையும் சொன்னன். பேர் சொல்லாமல் ஒரு ஆளை எப்பிடிக் காட்டிக் குடுக்கிறது எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை.

மாரித் எகிலிட்டைக் கேட்டிருக்கிறா. அவன் வாய் திறக்கேல்லை. "அது என்ர சொந்த விசயம்" எண்டு மட்டும் சொல்லியிருக்கிறான். புதன்கிழமை கடைசிச் சுற்றுக்கான பட்டியல் வந்தது. எகிலின்ர பேர் இல்லை. அவன்ர இடத்தில என்ர பேர் இருந்தது.

எனக்குச் சந்தோசம் எண்டு சொல்லமாட்டன். ஆனால் நான் சரியாத்தான் பிடிச்சிருக்கிறன் எண்டு ஒரு திருப்தி இருந்தது. குற்றமில்லாதவன் ஏன் வாயை மூடுறான்?

கோவில் மண்டபம்

ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில தமிழ்ப் பூசை முடிஞ்சு மண்டபத்தில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டன். மட்ச் பின்னேரம் அஞ்சு மணிக்கு. தர்சினி வந்தா. எங்களுக்குத் தெரிஞ்ச மன்னார்க் குடும்பத்துப் பிள்ளை, இஞ்சையே பிறந்தவ, இருபத்தாறு வயசு இருக்கும். ஏதோ கொம்பியூட்டர் வேலை எண்டுதான் தாய் சொல்லுறவ.

"அங்கிள், உங்கட வகுப்பு எங்களுக்கு நல்ல பிரயோசனமா இருந்தது."

"எந்த வகுப்பு?"

"ஏப்ரலில குரோருட்டில எங்கட விளையாட்டுக் கழகத்தில செய்தனீங்களே. அந்த வீடியோவைக் கழகத்தின்ர இணையப் பக்கத்தில போட்டிருந்தவை. நான் இப்ப ஒஸ்லோ அணியில வீடியோ அனலிஸ்ட், அங்கிள். அம்மா சொல்லேல்லையோ? கோர்னருக்கு லைன்ஸ்மன் முதல் பந்தைப் பார்ப்பார் எண்டு நீங்கள் போர்ட்டில கீறிக் காட்டினனீங்கள். நான் அதுக்குப் பிறகு உங்கட குழுவின்ர பழைய மட்ச் எல்லாம் எடுத்துப் பார்த்தன். அப்பிடியே இருந்தது."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வைக்க இடம் தேடினன்.

"அதை நீர் உங்கட பயிற்சியாளருக்குச் சொன்னனீரோ?"

"ஓம். எதிரணியைப் பார்க்கிற மாதிரி நடுவரையும் பார்க்கிறம். அது என்ர வேலைதானே, அங்கிள். கையைப் பிடிக்கச் சொல்லி நான் சொல்லேல்லை, முன்னால ஒரு ஆளை நிப்பாட்டலாம் எண்டுதான் சொன்னனான்." என்ர முகத்தைப் பார்த்திட்டுக் குரலைக் குறைச்சா. "அது இரகசியமோ? நீங்கள் சிரிச்சுச் சிரிச்சுத்தானே சொன்னனீங்கள்."

அவவில ஒரு பிழையும் இல்லை. நான்தான் சொன்னனான். முப்பது பேர் இருந்தவை, ரோல்ஸும் தேத்தண்ணியும் குடுத்தவை, நான் பெரிய விசயகாரன் எண்டு காட்ட வேணுமே. அந்த ஓட்டையைக் கீறி, "இது எங்கட குழுவுக்கு மட்டும்தான் தெரியும்" எண்டு வேற சொன்னனான். இதே வகுப்பை அந்த வருசம் ரெண்டு தரம் நோர்வேஜிய மொழியிலயும் எடுத்தனான். ரெண்டு தரமும் அந்தப் பகுதியைக் கவனமா விட்டிட்டன்.

தமிழில சொன்னது எனக்குக் கணக்கிலயே வரேல்லை. டி-பான் ரெயினில எதிர்ச் சீற்றில இருக்கிறவனைப் பற்றி அவன் முகத்துக்கு முன்னாலயே தமிழில கதைச்சுப் பழகின ஆக்கள் நாங்கள். தமிழ் எண்டால் கதவு பூட்டின வீடு எண்ட நினைப்பு. எங்கட பிள்ளையள் படிச்சு இந்த நாட்டின்ர எல்லா வேலையிலயும் போய் இருக்கினம் எண்டு மேடையேறிப் பெருமை கதைக்கிறம். அவைக்குத் தமிழும் விளங்கும் எண்டதை மறந்திடுறம். ஒரு கிழமையா ஊரெல்லாம் கள்ளனைத் தேடினனான், என்ர வாயை மட்டும் தேடேல்லை.

எகிலின்ர போன்

கார் நிப்பாட்டின இடத்தில நிண்டே மாரித்துக்குப் போன் எடுத்து எல்லாம் சொன்னன். அவ எல்லாத்தையும் கேட்டு முடிச்சா. பிறகு, "இண்டைக்கு அவன் ஓட விரும்பினால் ஓடட்டும். நீயே அவனைக் கேள்" எண்டா.

எகில் மலையில இருந்த தன்ர சின்ன வீட்டுக்குப் போயிட்டான். நாலு மணித்தியாலப் பயணம். வந்து சேர ஏலாது. அவனுக்கும் சொன்னன். வீடியோ, தர்சினி, எல்லாம். கோப்பிக் கடையை மாரித்துக்குச் சொன்னதும் நான்தான் எண்டும் சொன்னன்.

"முழங்கால்" எண்டான் எகில். "லில்லெஸ்ட்ரோமில ஒரு ஃபிசியோதெரபிஸ்டிட்டைப் போறனான். ஒஸ்லோவில போனால் உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிடும், கடைசி மட்சுக்கு விடமாட்டீங்கள். அந்தப் பயிற்சியாளர் அவவின்ர புருசன். அவவைக் கூட்டிக்கொண்டு போக வந்து நிண்டவர். பத்து நிமிசம் மீன்பிடி பற்றிக் கதைச்சம்."

"எகில், மன்னிச்சுக்கொள்."

"கோப்பிக் கடையைச் சொன்னது ஹோக்கன் எண்டு நினைச்சன்" எண்டான். "பதினைஞ்சு வருசச் சிநேகிதம். அவன் இந்தக் கிழமை எத்தினை தரம் எடுத்தான், நான் போனைத் தூக்கேல்லை." பிறகு சொன்னான்: "மாரித் என்னட்டையும் கேட்டவ, ஆர்ல சந்தேகம் எண்டு. எனக்குத் தெரியாது எண்டன். ஆனால் அன்ரன் இல்லை, அவன் எங்களோடயே வாய் திறக்கமாட்டான் எண்டு சொன்னனான்."

அவன்தான் போனை வச்சான்.

அஞ்சு மணிக்கு அவன்ர இடத்தில நான் ஓடினன். மகள் பேர்கனிலயிருந்து வரேல்லை. வடக்கு அணி சமநிலையில முடிச்சுக் கீழ் பிரிவுக்கு இறங்கினது. அவங்களின்ர கோல்கீப்பர் கடைசியா வந்து கை தந்தான். அவனுக்கும் நான் சொல்லவேண்டியது இருந்தது. சொல்லேல்லை.

எகில் பிறகு என்னோட கதைச்சவன். இப்பவும் கதைக்கிறான். ஹோக்கனைச் சும்மா சந்தேகப்பட்ட அந்தக் கிழமைக்குப் பிறகு அவனோட எகில் பழையபடி இல்லை.

கோர்ஸ் எடுக்கிற பிள்ளையளுக்கு நான் சொல்லக்கூடியது ஒண்டுதான். லைன்ஸ்மனுக்கு முதல் நாளே சொல்லிக் குடுக்கிற சட்டம் இருக்கு: உன்ர கண்ணால காணாததுக்குக் கொடி தூக்காதை. மைதானத்துக்குள்ள பதினாலு வருசம் அதை ஒருக்காலும் மீறேல்லை. எகிலுக்கு மட்டும்தான் காணாமல் கொடி தூக்கினனான், அதைத் திருப்பிப் பார்க்க ஒரு வீடியோ அறையும் இருக்கேல்லை.