ரசமட்டம் தேடும் ஞாயிறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம் என்றால் சொந்தக்காரர்கள் எனக்குப் பத்திரிகை வைப்பதோடு சரி, வருவேன் என்று எதிர்பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் நான் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்கு வெளியே, சாலை ஓரத்தில் தார்ப்பாய் விரித்துப் பழைய கருவிகளைக் கொட்டி விற்பவர்கள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பேன் என்று எல்லோருக்கும் தெரியும். என் மனைவி அந்த இடத்துக்கு 'இரும்புக் கோயில்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

அந்தக் கோயிலில் எல்லாச் சாமியும் உண்டு. மூடிய கம்பெனிகளின் ஸ்பேனர்கள், துறைமுகத்தில் கழித்துப் போட்ட கொக்கிகள், கைப்பிடி வழவழவென்று தேய்ந்த இழைப்புளி, எவனோ தன் பெயரின் முதல் எழுத்தைக் கொத்தி வைத்த சுத்தியல். வாங்கத் தெரிந்தவன் மேலே கிடப்பதைப் பார்க்கமாட்டான். நல்ல சரக்கு அடியில்தான் இருக்கும். வேண்டிய பொருளை முதலில் தொடவும் கூடாது. பக்கத்தில் கிடக்கும் உதவாக்கரை ஒன்றை எடுத்து விலை கேட்டு, முகத்தைச் சுளித்துக் கீழே போட்டுவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல் அதைக் கேட்க வேண்டும். இந்த நடிப்பு எனக்கு நன்றாக வரும். பிற்பாடு வேறு ஒரு காரியத்துக்கும் அது உதவியது.

ஊர் என்னைக் கருவிப் பைத்தியம் என்று நினைக்கிறது. நினைத்துவிட்டுப் போகட்டும். இத்தனை வருடமாக நான் தேடியது ஒரே ஒரு கருவியை. அதைவிட, அதை எடுத்தவனை.

திருவொற்றியூரில் இப்போது மூடிக் கிடக்கும் ஒரு கம்பெனியில் நான் ஃபிட்டராக இருந்தேன். அங்கே ஒவ்வொருவருக்கும் எண் அடித்த பித்தளை வில்லைகள் உண்டு. கருவி அறையில் உன் வில்லையைக் கொடுத்தால் அதை ஆணியில் மாட்டிவிட்டுக் கருவியைத் தருவார்கள். கருவி திரும்பினால்தான் வில்லை கைக்கு வரும். வில்லை ஆணியில் தொங்கும்வரை கருவிக்கு நீதான் பொறுப்பு. ஒரு நாள் என் வில்லை ஒரு ரசமட்டத்துக்காகத் தொங்கியது. கொத்தனார் வைத்திருக்கும் மட்டப்பலகை இல்லை இது. சீமையிலிருந்து வந்தது, கனமான வார்ப்பிரும்பு, முழங்கை நீளம், மெஷினைத் தரையில் உட்காரவைக்கும்போது மயிரிழை சாய்வைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். என் மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது மேஜை காலியாக இருந்தது.

அன்று சாயங்காலம் கேட்டில் என்னை நிறுத்தி வைத்துச் சோதனை போட்டார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த கருவாட்டுக் குழம்பையும் கிளறிப் பார்த்தார்கள். குழம்புக்குள் ரசமட்டத்தை ஒளிக்கிறவன் உலகத்தில் உண்டா என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. ஷிப்ட் முடிந்து வெளியே போகிற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டே போனார்கள். அந்த வாரத்திலேயே, நானாக எழுதிக் கொடுத்து விலகினால் போலீசுக்குப் போகமாட்டோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அதோடு ராயபுரத்தில் எங்கள் பகுதியில் ரசமட்டத்தின் இங்கிலீஷ் பெயரே எனக்கு விழுந்தது, 'லெவல்' என்று. அப்பா அம்மா வைத்த பெயரைச் சொன்னால் இன்றைக்கும் பாதிப் பேருக்குத் தெரியாது. லெவல் வூடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும்.

கேட்டில் எனக்காக அழுதவன் ஒருத்தன்தான். என் தோஸ்து. இரண்டு பேரும் ஒரே குப்பத்தில், மீன்பிடிக் குடும்பங்களில் பிறந்தவர்கள். கடலுக்குப் போகாமல் இரும்புக்குப் போன ஆட்கள் என்று இரண்டு வீட்டிலும் சேர்ந்தே திட்டு வாங்கினோம். கம்பெனியில் என் மேஜைக்கு எதிர் மேஜை அவனுடையது. வேலையில் சுத்தம். எங்கள் பக்கத்துக் கடல் காற்றில் இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. நாங்கள் எல்லாம் கருவிக்குக் கிரீஸ் தடவுவோம். அவன் மட்டும் படகுக்குப் பூசும் மீன் எண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துக் கரைத்துத் தடவுவான். அந்த வாசனைக்குக் கம்பெனியே மூக்கைப் பிடித்துக்கொண்டு கிண்டல் செய்யும். ஆனால் அவன் கருவியில் துரு ஏறி நான் பார்த்ததில்லை.

நான் வெளியே வந்தபின், ஃபிட்டர்களை மேய்க்கும் சார்ஜ்மேன் வேலை, எனக்கு வரவேண்டியது, அவனுக்குப் போயிற்று. இனிப்புப் பெட்டியோடு என் வீட்டுக்குத்தான் முதலில் வந்தான். நானும் வாயைத் திறந்து வாங்கித் தின்றேன்.

காசிமேட்டில் படகு எஞ்சின் பழுது பார்க்க ஆரம்பித்தேன். புதுக் கருவி வாங்க வசதியில்லாமல்தான் முதலில் சாத்தாங்காட்டுக்குப் போனது. போன இடத்தில் ஒரு எண்ணம் பிடித்துக்கொண்டது. வடசென்னையில் காணாமல் போகும் இரும்பு என்றைக்காவது ஒரு நாள் இந்தத் தார்ப்பாய்களில் ஒன்றில் வந்து விழுந்தே ஆகவேண்டும். விழுந்தால், விற்றவனைப் பிடித்து, அவனிடம் கொடுத்தவனைப் பிடித்து, அவன் சட்டையைப் பிடிக்கலாம். சட்டையைப் பிடித்தபின் என்ன செய்வது என்று விதவிதமாக யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் எழுதினால் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வராது.

தோஸ்து சிரிப்பான். இன்னும் அத்தயே தேடிகினு கீறியா, விட்டுத் தொலை என்பான். கம்பெனி மூடிய பிறகும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு பொங்கல் கழிந்த ஞாயிறு, விடியும் முன்னே என் வாசலில் வந்து நின்றான்.

"நானும் வர்றேன் மாமு. நாலு கண்ணு இருந்தா சீக்கிரம் ஆப்டும்."

என் மனைவியிடம் அன்றைக்குப் பெருமையாகச் சொன்னேன், சிநேகிதம் என்றால் இதுதான் என்று. அதற்கப்புறம் ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தான். பல நாள் எனக்கு முன்பே மார்க்கெட்டுக்குப் போய், மூட்டைகளைக் கொட்டும்போதே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பான். என்னைவிட வெறியாகத் தேடினான். எனக்காக இப்படிப் பாடுபடுகிறானே என்று கண் கலங்கியதும் உண்டு. அந்தக் கண்ணீரை நினைத்தால்தான் இப்போது எனக்கு அதிகம் எரிகிறது.

சம்பந்தி வீட்டு விசேஷம் என்று அவன் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கிடைத்தது. ஓரமாகக் கடை போடும் வியாசர்பாடி அக்கா ஒருத்தி, பழைய இரும்பு வாங்கி விற்பவள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு சாக்கு கிடந்தது. அதில் என்ன என்று கேட்டேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, நீயே பார் என்று தள்ளிவிட்டாள். கையை விட்டேன். வலைத்துண்டு ஒன்றில் சுற்றிய கனமான பொருள். சுற்றைப் பிரிப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. மீன் எண்ணெய். அதற்குள்ளே கற்பூரம்.

கம்பெனி எண் இருந்த இடத்தை அரம் போட்டு நிதானமாக ராவி எடுத்திருந்தான். ஆனால் ஒரு மூலையில், நெல்மணி அளவுக்கு மூளி. என் கையிலிருந்து ஒரு தடவை நழுவி விழுந்தபோது ஆனது. மற்றபடி ஒரு பொட்டுத் துரு இல்லை. வருடக்கணக்காக யாரோ அதை எடுத்துத் துடைத்துத் துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறார்கள். திருட முடிந்தது அவனால். துருப்பிடிக்க விட முடியவில்லை. கிரீஸ் தடவி வைத்திருந்தால் எனக்கு ஆயுசுக்கும் தெரிந்திருக்காது.

முகத்தை மாற்றாமல் எங்கே கிடைத்தது என்று அக்காவைக் கேட்டேன்.

"போகிக்கு ஒரு வூட்டுல பரண காலி பண்ணாங்க நைனா. ஐஸ் கம்பெனி சந்து, நீலக் கதவு போட்ட மாடி வூடு. அந்தம்மா, எடுத்துகினு போனா போதும்னு தூக்கிக் குடுத்துச்சு."

அந்த நீலக் கதவுக்குத் தோஸ்து சாயம் பூசியபோது டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். போகிக்குப் பரண் காலியானது, பொங்கல் கழிந்து தோஸ்து என் வாசலில் வந்து நின்றது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. அவன் எனக்காகத் தேடவில்லை. எனக்கு முன்னால் கண்டெடுத்துக் கடலில் போடத் தேடினான்.

கேட்ட விலையைக் கொடுத்து ரசமட்டத்தை வாங்கிக்கொண்டு, நேராக அவன் வீட்டுக்குப் போய் மண்டையில் போடத்தான் கிளம்பினேன். அந்த இரும்புக்கு ஒரு அடி போதும். பாதி வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். போட்டால் என்ன ஆகும்? என்னைத் துரத்திய மேனேஜர் செத்துப் போய்விட்டார். கம்பெனி கேட்டில் செடி முளைத்துவிட்டது. ரசமட்டத்தைத் தூக்கிக் காட்டினால் ஊர் என்ன சொல்லும்? பார்த்தாயா, இவன்தான் இத்தனை நாள் வைத்திருந்தான் என்று சொல்லும். என் பெயரைத் திருப்பித் தர இந்த உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே வாய்தான். அவன் வாய். அவனாக, நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை அவனை விடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். டீ நன்றாக இருந்தது.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் தேடப் போனோம்.

ரசமட்டம் என் பீரோவுக்குமேல் இருந்தது. நான் அவனோடு தார்ப்பாய் தார்ப்பாயாக உட்கார்ந்து எழுந்தேன். பெரிய குவியல்களை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன். எண்ணூரில் ஒரு கடைக்கு வெளிநாட்டு லெவல் ஒன்று வந்திருக்கிறதாம் என்று சும்மா ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். மறுநாளே வெயிலில் எண்ணூர் போய் அலைந்துவிட்டு வந்தான் என்று அவன் மனைவி என்னிடமே வந்து குறைப்பட்டாள். இன்னொரு வாரம் கொடுங்கையூர் என்றேன். குப்பைப் புகையில் இருமிக்கொண்டு திரும்பி வந்தான். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. இனிப்புப் பெட்டி ஞாபகம் வந்தது.

ஒரு தடவை அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணாந்து பார்த்து, பரணை நன்றாகச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று அவன் மனைவியைப் பாராட்டினேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

"போகிக்கு எல்லாத்தயும் கழிச்சேண்ணே. அதுக்கே இந்த மனுசன் என்னாண்ட எத்தினி நாளு பேசல தெரியுமா?"

அவன் கையில் இருந்த சோறு இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. நான் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கினேன். அதுபோல ருசியான சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை.

இளைத்துப் போனான். குத்தவைத்து எழும்போது முட்டி கடகடவென்று சத்தம் போட்டது. போன மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிறு, வியாசர்பாடி அக்கா கடை முன்னால் உட்கார்ந்திருந்தோம். டீக்காரர் நின்றிருந்தார், எங்கள் குப்பத்து ஆட்கள் இரண்டு மூன்று பேரும் ஏதோ நட்டு போல்ட்டு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். 'லெவல் வந்துட்டாரு' என்று அவர்களில் ஒருத்தன் சிரித்தான். தோஸ்து கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"மாமு, உன்னாண்ட ஒன்னு சொல்லணும். ரொம்ப நாளா நெஞ்சுல கீது. இவுங்களும் கேக்கட்டும்."

நான் காத்திருந்தது இதற்குத்தான். நாலு பேர் இருந்தார்கள். அவன் வாயும் திறந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை வந்தால் என் பெயர் எனக்கு வந்துவிடும். அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஏற்கெனவே ஒரு நிம்மதி வர ஆரம்பித்திருந்தது. சொல்லி அழுவான். நாலு பேரும் அவனைத் தேற்றுவார்கள். போனது போகட்டும் என்று என்னையும் சொல்ல வைப்பார்கள். இன்று ராத்திரி அவன் நன்றாகத் தூங்குவான். அந்தக் கேட்டை விட்டு வந்த பிறகு நான் ஒரு நாளும் அப்படித் தூங்கியதில்லை.

அவன் தோளில் கை வைத்தேன். "அப்பால சொல்லு மாமு. அங்க புது மூட்ட கொட்றாங்க பாரு. நம்ம லெவல் அதுல கீதோ இன்னாவோ."

அவன் வெகுநேரம் என்னையே பார்த்தான். பிறகு எழுந்து போய் அந்தக் குவியலில் கையை விட்டான்.

அவன் இனிமேல் குத்தவைத்து உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளை நிறுத்திவிடுவான் என்று பயந்து, அக்கா கடையிலேயே குட்டையான ஒரு முக்காலியைத் தேடி வாங்கினேன். ஆடிய காலை நானே சரி செய்தேன். போன சனிக்கிழமை பீரோமேல் இருந்ததை இறக்கி, மீன் எண்ணெயில் கற்பூரம் கரைத்து, மூளி விழுந்த மூலைவரை தடவினேன். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள். மறுநாள் காலை கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமலேயே கிளம்பினேன்.

மார்க்கெட்டில் முக்காலியைப் போட்டு அவனை உட்காரவைத்தேன். டீ கிளாஸை வாங்கி என் கையாலேயே அவனிடம் நீட்டினேன். வாங்குவதற்கு முன்னால் சாய்ந்தவன் பாதியிலேயே நிறுத்தினான். மூக்கு ஒரு தடவை விரிந்தது. என் விரல்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். டீயை மெதுவாகக் குடித்து முடித்துக் கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு முக்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டு, கிடைக்காது என்று இப்போது தெரிந்துவிட்ட பொருளைத் தேட ஆரம்பித்தான்.