மடை மேல் ஒரு ஆபீஸ் ரூம்

எங்கள் வயலுக்குப் பின்னால் மாமாவின் வயல். சொந்த மாமா இல்லை. அப்பாவை மச்சான் என்று கூப்பிடுவார், அதனால் எனக்கு மாமா. அவர் வயலுக்குத் தனி வடிகால் கிடையாது. குடவாசல் பக்கம் பல வயல்களுக்கு அப்படித்தான். மழைத் தண்ணீர் வரப்பில் வெட்டிய மடை வழியாக எங்கள் வயலில் இறங்கி, ரோட்டோர வாய்க்காலில் போய் விழும். யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு மடை திறப்பதில்லை.

போன கோடையில் அப்பா எங்கள் வயலை மனையாக்கினார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். சட்டம் முடித்து ஒரு வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்தேன். “வக்கீல் வீடு ரோட்டைப் பாத்து இருந்தாத்தான் நாலு பேரு வருவாங்க” என்று அப்பா முடிவு செய்துவிட்டார். ஆனால் ரோட்டோர வாய்க்கால் மேல் பாலம் இல்லை. மண் ஏற்றி டிப்பர் லாரி வரப் பின்பக்கத்துக் களத்துமேட்டுப் பாதைதான் வழி. அதற்கு மாமாவின் வயலைக் கடக்க வேண்டும்.

“காஞ்சு கெடக்குற வயலுதானே மச்சான், ஏறி வரட்டும். என் மாப்ள ஆபீசுக்கு வர்ற மண்ணு” என்றார் மாமா.

வரப்பு தாழ்ந்திருந்த இடம் மடைதான். லாரிகள் அதன் மேல் ஏறி வந்தன. மண் கொட்டி முடித்ததும் அந்த இடமும் சேர்ந்து மேடானது. அதன் மேல் வீட்டின் பின் சுவரும், அதையொட்டி, ரோட்டுச் சத்தம் எட்டாத பக்கமாக, எனக்கான ஆபீஸ் ரூமும் என்று கடைக்கால் போட்டோம். கோடையில் மடை என்பது வரப்பில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். தண்ணீரைப் பற்றி எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் நினைப்பு வரவில்லை.

ஐப்பசியில் விடாத மழை. புது வீடு கடைக்காலோடு நின்றிருந்தது. மாமா யூரியா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் பழைய வீட்டு வாசலில் நின்றார். நட்ட சம்பா முழுவதும் தண்ணீருக்குள்.

“மழ விட்டா தானா வடிஞ்சிடும், மச்சான்” என்றார் அப்பா.

“எங்க வடியும்? ஒங்க புது வீட்டு அடுப்படிக்கா?” என்று சிரித்துவிட்டு, மாமா என் பக்கம் திரும்பினார். “ஏன் மாப்ள, இதுக்கெல்லாம் ஒங்க சட்டத்துல எதாச்சும் இருக்கா?”

இருந்தது. பரீட்சையில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். தன் நிலத்தில் செய்யும் காரியத்தால் அடுத்தவன் தன் நிலத்தை அனுபவிக்க முடியாமல் போனால் அது தொல்லை. காலங்காலமாகத் தண்ணீர் போன வழியை அடைக்கக் கூடாது. கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கலாம். மேல் வயல்காரர், கீழ் வயல்காரர் என்று உதாரணம்கூட எழுதியிருந்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்துட்டுச் சொல்றேன், மாமா” என்றேன்.

“பாருங்க, பாருங்க. மெதுவா பாருங்க. பயிருதான் மூச்சுப் புடிச்சிக்கிட்டு கெடக்குது.”

அவர் போன பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்க எதுவும் இல்லை. ஒவ்வொரு காலையும் பஸ்ஸுக்குப் போகும்போது, அந்தத் தண்ணீருக்கு மேல் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பேன். முதலில் நுனி தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. அன்று பஸ் ஏறாமல் திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன்.

“அவர் கேஸ் போட்டா நாமதான் தோப்போம்ப்பா.”

“அவன் எங்க போடப் போறான்?”

“போட மாட்டாரு. அதான் எனக்கு உறுத்துது.”

அப்பா மண்வெட்டியை எடுத்தார். சுவர் வரும் இடத்தை விட்டுச் சுற்றி வெட்டப் பார்த்தோம். மேடு அதிகம், தண்ணீர் ஏறவில்லை. பழைய மடைக்கு நேராகவே ரோட்டோர வாய்க்கால் வரை வெட்ட வேண்டியிருந்தது. ஆபீஸ் ரூமின் கடைக்காலை உடைத்தோம். தண்ணீர் செம்மண் நிறத்தில் அந்த அறைக்கு நடுவே ஓடி வாய்க்காலில் விழுந்தது. “இனிமே எங்கடா ஒக்காந்து கேஸ் பாப்ப?” என்றார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வயலில் பாதிக்கு மேல் அழுகியிருந்தது. அக்கம்பக்கத்து வயல்காரர்களிடம் மிஞ்சிய நாற்றைக் கேட்டு வாங்கி, இடைவெளியில் மாமா ஊன்றிக்கொண்டிருந்தார். நானும் இறங்கினேன்.

“ஒங்கப்பா மனசு யாருக்கு வரும்? ரூமையே வெட்டிக் குடுத்துட்டாரு. டீக்கடையில எல்லார்ட்டயும் சொன்னேன்” என்றார்.

“அது நாங்க குடுத்தது இல்ல, மாமா. ஒங்க பாத்தியதை. சட்டம் ஒங்க பக்கம்.”

அவர் நிமிர்ந்தார். “பாத்தீங்களா?”

“பாக்கலை. நீங்க கேட்டப்பவே தெரியும்.”

கையிலிருந்த நாற்று முடியில் பாதியைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

“அந்த மூலைலேருந்து வாங்க” என்றார். மாப்ள என்று சொல்லவில்லை.